கிட்டத்தட்ட அமெரிக்கா

கடலில் புதைக்கப்பட்டு நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்த குன்ஹில்ட், தாரவோக் ஊரின் மீன் தொழிற்சாலைக்குப் பின்பக்கத்து இறங்குதுறைப் படிகளில் ஏறி வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தபடியால், அவளுடைய பாவாடையிலிருந்து ஓடிய தண்ணீரை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நோர்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி வீடுகளாகக் கிடக்கும் அந்த ஊரில், நனைந்தபடி வருகிறவர்களிடம் காரணம் கேட்பது மரியாதையில்லை. அவளை முதலில் கண்டது யோகமலர். யோகமலர் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரி. மீனிலிருந்து முள் எடுக்கும் வரிசையில் பல வருடங்களாக நிற்பவள். தேநீருக்கு மணி அடித்ததும் கோப்பையோடு பின்கதவுக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவள் வழக்கம். அன்றைக்கு, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண், கறுப்புக் கம்பளிப் பாவாடையும் சப்பாத்தில் ஒட்டிய சிப்பிகளுமாகப் படியேறி வந்து, யோகமலரின் கறுத்த முகத்தை ஒரு புது வீட்டைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் ஆசையோடு பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது அமெரிக்காவோ?"

அது பழைய காலத்து நோர்வே மொழி, இளம் ஆட்களுக்கு விளங்காது. ஆனால் யோகமலர் இந்த ஊருக்கு வந்த புதிதில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து, தொண்ணூறு வயதுக்காரர்களின் வாயிலிருந்து அந்த மொழியைப் படித்தவள். அது அவள் காதில் தன் ஊர்ப்பேச்சாகவே விழுந்தது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, ஒஸ்லோ விமான நிலையத்தில் தான் வந்து இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரன் இடைவழியில் காணாமல் போய்விட, கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டுவதைக் கண்டு, பனி என்றால் கனடாதானே என்ற நம்பிக்கையில், தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியிடம் "இது கனடாவோ?" என்று அவள் கேட்டாள். அந்தப் பெண் பாவம், உள்ளதைச் சொன்னாள். "இல்லை" என்ற அந்த ஒரு சொல்லில் ஈரத்தரையிலேயே இருந்துவிட்டாள் யோகமலர்.

அதனால் இப்போது அவள், "கிட்டத்தட்ட" என்றாள்.

"கிட்டத்தட்ட எண்டால் போதும்" என்று சொன்ன குன்ஹில்ட், படியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒரு குட்டி நண்டு விழுந்து ஓடியது.

யோகமலர் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். உடுப்பு மாற்றினார்கள், மாற்றிய உடுப்பும் நனைந்தது. துவாயால் துடைத்தார்கள், துடைக்கத் துடைக்க முழங்கை நுனியிலிருந்தும் கூந்தல் நுனியிலிருந்தும் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. யோகமலரின் கணவர் குலசிங்கம் வேலை முடிந்து வந்து, நடையில் வாளிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "பைப் வெடிச்சிட்டுதோ?" என்று கேட்டார். "இல்லையப்பா, ஆள் வந்திருக்கு" என்றாள் யோகமலர். அவர் ஆளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பிறகு போய்க் கட்டில் மெத்தைக்குப் பிளாஸ்டிக் விரித்தார்.

மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே குன்ஹில்ட் தன் கதையைச் சொன்னாள். பெர்கன் துறைமுகத்தில் பாய்க்கப்பல் ஏறியது, கீழ்த்தட்டில் நூற்றுக்கணக்கான சனங்களோடு வாரக்கணக்கில் கிடந்தது, காய்ச்சல் வந்தது. "மூச்சில்லை எண்டு நினைச்சிட்டினம். பாய்த்துணியில வைச்சுத் தைச்சு, காலில கல்லைக் கட்டி இறக்கினவை. கல் கட்டினதும் ஒரு விதத்தில நல்லதாப் போச்சு. இல்லாட்டி நிமிர்ந்து நிண்டிருக்க மாட்டன். மேலை கப்பலின்ர அடிப்பக்கம் போறது தெரிஞ்சுது. அது போன பக்கம் பாத்து நடந்தன். கப்பலுக்குக் காத்து இருந்தது, எனக்குக் கால்தானே. பிறகு அதைக் காணேல்லை. கடலுக்கடியில வழிகாட்டிப் பலகை ஒண்டும் இல்லை, அக்கா."

அக்கா என்பதை அவள் யோகமலரின் பெயர் என்று நினைத்திருந்தாள். வரும் வழியில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டிருந்தாள்.

"எப்பிடியோ வந்து சேந்திட்டன்" என்று சொல்லி, சோற்றுக் கோப்பையை வழித்து நக்கிவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததை குன்ஹில்ட் கேட்டாள். "என்ர பிள்ளை கப்பலிலயே போயிட்டாள். ரெண்டு வயசு. பேர் இங்கர். இஞ்சதானே இறங்கியிருப்பாள், நீங்கள் ஆரும் கண்டனியளோ?"

குலசிங்கம் தன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். யோகமலர், "விசாரிப்பம், பிள்ளை" என்றாள்.

அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நகரசபைப் பெண் வந்து பார்த்து, கைகொடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு, இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்தாள். தேவாலயப் பதிவில் இவள் அமெரிக்காவுக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தபடியால் இவள் ஊரில் இல்லை. இறந்ததாக ஒருவரும் எழுதாதபடியால் செத்தவளும் இல்லை. போன இடத்தில் இன்னும் போய்ச் சேராதபடியால் அந்நாட்டுக்காரியும் இல்லை. கடைசியில் 'பயணத்தில் இருக்கிறார்' என்று எழுதி, மூன்று வாளிகளும் அனுப்பி வைத்தாள்.

ஆனால் ஊரை உண்மையில் கலக்கியது வேறொரு சங்கதி. பதிவைத் தேடி எடுத்த அஸ்பியோன், ஊர் வரலாற்றுச் சங்கத்தை நடத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியர், முதல் பக்கத்திலேயே கண்டுவிட்டார்: குன்ஹில்ட் தாரவோக்கில் பிறந்தவள். எந்த ஊரை விட்டுப் புறப்பட்டாளோ அதே ஊருக்குத்தான் கடலுக்கடியில் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்திருக்கிறாள். அவள் பெயருக்கு நேரே, 'கலியாணமாகாதவள், ஒரு பிள்ளையுடன்' என்று அந்தக் காலத்துப் பாதிரியார் எழுதி, கோபத்தோடு அழுத்தியதில் மை ஊறி மறுபக்கத்திலும் தெரிந்தது.

தேவாலய மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நோர்வேக்காரரும் தமிழரும் போலந்துக்காரரும் கோப்பிக் கோப்பையோடு இருந்து, கடலுக்கடியால் இவ்வளவு தூரம் நடந்து வந்த ஒருத்தியிடம் நீ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறாய் என்று எந்த வாயால் சொல்வது என்று பேசினார்கள். ஒருவருக்கும் அந்த வாய் இருக்கவில்லை. சொல்வதில்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து தாரவோக் அமெரிக்கா ஆனது. கொடிமரத்து நோர்வேக் கொடியைப் பழுது பார்ப்பதென்று சொல்லிக் கழற்றினார்கள். பேக்கரிக்காரன் பழைய ரொட்டிக்குப் புதுப் பெயர் வைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைக் கண்டால் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார்கள். கிழவர்கள் வாயில் வந்த ஊர்ப் பெயரை மென்று விழுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேலை வேட்டியோடு துறைமுகப் பக்கம் ஒரு நடை நடந்து வரவேண்டும் என்று பாதிரியாரே வந்து கேட்டுக்கொண்டார். உலகத்துச் சனமெல்லாம் கூடும் நாடு அமெரிக்கா என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாளாம். "இவ்வளவு காலம் எங்களைப் பாத்து, ஏன் இஞ்ச வந்தனியள் எண்டு கேட்ட ஆக்கள்" என்று குலசிங்கம் சிரித்தார். ஆனால் வேட்டியை அயர்ன் பண்ணித்தான் கட்டினார்.

குன்ஹில்ட்டின் ஈரத்துக்கும் ஊர் பழகிவிட்டது. கடைகளின் வாசலில் அவளுக்கென்று ஒரு மிதியடி கிடந்தது. அவள் இருந்து எழும்பிய கதிரையில் காய்ந்து கிடக்கும் உப்பைத் தமிழ்ப் பெண்கள் வழித்தெடுத்து மீனில் தடவிக் காய வைத்தார்கள். மழை விட்டொழியாத அந்த ஊரில், அந்த உப்புப் பட்ட மீன் மாத்திரம் புழுப் பிடிக்காமல் நல்ல கருவாடாகியது. நோர்வேக்காரரும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

பிள்ளையைத் தேடுகிற வேலை அஸ்பியோன் தலையில் விழுந்தது. அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் கரையேறிய கனடாவின் கியூபெக் துறைமுகத்தில் அந்தக் கப்பலில் வந்து இறங்கியவர்களின் பெயர்களை அவர் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். வேலை முடிந்து வந்து யோகமலரும் பக்கத்தில் இருந்தாள். குன்ஹில்ட்டின் பெயர் இல்லை. அது இருக்காது. இங்கர் என்ற பெயரும் இல்லை.

"சில வேளை பிள்ளைக்கும் காய்ச்சல் வந்திருக்கலாம்" என்றார் அஸ்பியோன், மெதுவாக.

"அப்பிடியெண்டால் அதுவும் நடந்து வந்திருக்குமே, சேர்" என்றாள் யோகமலர்.

இதைச் சொன்னவளின் கண் திரையை விட்டுக் கடல் பக்கம் போயிற்று. அவளுக்கு ஜெயரூபன் என்று ஒரு தம்பி இருந்தான். யுத்த காலத்தில், பத்தொன்பது வயதில், வள்ளமொன்றில் ராமேஸ்வரத்துக்கென்று போனவன். வள்ளமும் சேரவில்லை, அவனும் சேரவில்லை. மண்டபம் அகதி முகாமில் இருந்த ஊராட்களைக் கொண்டு பதிவுப் பெயர்களை எத்தனையோ தரம் பார்க்கச் சொல்லியும் அவன் பெயர் அதில் ஏறவேயில்லை. தாய் சாகும்வரை அவனுக்கென்று ஒரு சோற்றுக் கோப்பை கவிழ்த்து வைத்திருந்தாள். யோகமலர் அழுது முடித்து, தன் பாட்டுக்கு வாழ்ந்தாள். இப்போது குன்ஹில்ட் வந்த பிறகு, தேநீர் இடைவேளையில் பின்கதவில் நிற்பது முன்னைப்போல் சும்மா நிற்பதாக இல்லை.

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில் கேட்டுவிட்டாள். "பிள்ளை, கீழ நடந்து வரேக்கை வேற ஆக்களைக் கண்டனியோ?"

"ஏன் காணேல்லை? நிறையப் பேர். மாலுமியள், பொம்பிளையள், சின்னப் பிள்ளையள். எல்லாச் சாதி முகமும் இருந்தது. உங்களைப்போல நிறத்திலயும் கண்டன். என்னைக் கண்டவுடனை ஓடி வந்து தங்கட பாஷையில கேப்பினம். வழிதான் கேட்டிருப்பினம், வேற என்னத்தைக் கேக்கிறது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. விளங்கியிருந்தாலும் எனக்கு வழி தெரியாதே. கையை விரிச்சுப்போட்டு நடந்தன்."

யோகமலர் வெங்காயத்தோடு எழும்பி யன்னல் பக்கம் போனாள்.

மாரி முடிகிற காலத்தில்தான் அஸ்பியோன் துள்ளிக்கொண்டு வந்தார். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் லோவெல் என்று வயலும் மாடுமாக வாழும் ஒரு கமக்காரர், எழுபது வயதுக்காரர், தன் முன்னோரைத் தேடி வருடக்கணக்காக அஸ்பியோனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய வம்சம் தாரவோக்கிலிருந்து போன பெர்த்தா என்பவளிலும் அவள் மகளிலும் தொடங்குகிறது. ஆனால் பெர்த்தாவுக்கு ஒரு மகள் பிறந்து ஞானஸ்நானம் பெற்றதற்கு இங்கே எந்தப் பதிவுமில்லை, அது ஏன் என்பதுதான் அவருடைய ஓயாத கேள்வி. அஸ்பியோன் இப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புறப்பட்டபோது பெர்த்தாவின் கையில் இருந்தது ஒரு ஆண் கைக்குழந்தை. கியூபெக்கில் இறங்கியபோது இருந்தது, பெயர் எழுதாமல் 'மகள்' என்று மட்டும் பதிந்த இரண்டு வயதுப் பெண் பிள்ளை.

இதை குன்ஹில்ட்டுக்குச் சொல்ல வேண்டுமென்றால் கியூபெக்கைச் சொல்ல வேண்டும். கியூபெக்கைச் சொன்னால் இது அமெரிக்கா இல்லையென்று சொல்ல வேண்டும். யோகமலரின் குசினியில் அஸ்பியோன் தொண்டையைச் செருமி, தொடங்கி, திக்கி, மறுபடியும் தொடங்கினார்.

"சங்கடப்படாதேங்கோ" என்றாள் குன்ஹில்ட். "எனக்குத் தெரியும். அந்த மலையை நான் மறப்பனே? கழுத்தளவு தண்ணியில நிக்கேக்கையே கண்டிட்டன்."

"பிறகு ஏன் கேட்டனி?" என்றாள் யோகமலர்.

"ஆசையிலதான், அக்கா. நீங்கள் கிட்டத்தட்ட எண்டியள். பிறகு ஊரே வேலை மினக்கெட்டு நடிக்குது, அதைக் குழப்ப மனம் வரேல்லை." அவள் சிரித்தாள், சிரிப்பு அடங்கியபோது சொன்னாள்: "நான் வயித்தில பிள்ளையோட நிண்ட காலத்தில இந்த ஊரில ஒரு கதவும் எனக்குத் திறக்கேல்லை. போற அண்டைக்குத் துறைமுகத்துக்கு ஒரு நாயும் வரேல்லை. இப்ப எல்லாக் கதவும் திறந்து கிடக்கு, வாசலில எனக்கெண்டு மிதியடியும் கிடக்கு. அப்ப இது அந்த ஊர் இல்லைத்தானே?"

அஸ்பியோன் மூக்கைச் சிந்திவிட்டு, பெர்த்தாவின் சங்கதியைச் சொன்னார்.

"எந்த பெர்த்தா? அந்த அடுப்புக்காரியோ!" என்று எழும்பிவிட்டாள் குன்ஹில்ட். மேல்தட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடுப்பு. முறை வைத்துத்தான் சமைக்க வேண்டும். பெர்த்தா ஒவ்வொரு நாளும் முறை மாறிப் புகுந்துவிடுவாளாம், இவள் ஒரு நாள் அவளுடைய கஞ்சிச் சட்டியைத் தூக்கிக் கடலில் எறிந்தாளாம், அதோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லையாம். "பெரிய வாய்க்காரி! ஈரமில்லாதவள்! அவளிட்டையோ என்ர பிள்ளை..." என்று ஏசிக்கொண்டே போனவள், பாதியில் நின்றாள்.

"அவளின்ர பொடியன் எனக்கு முன்னமே செத்துப்போனான்" என்றாள். நிலத்தில் தண்ணீர் பெருகி அஸ்பியோனின் கால்வரை வந்தது. "அப்ப அவளிட்டைப் பால் இருந்திருக்கும்."

லோவெல் வசந்தத்தில் வந்தார். பெரிய உடம்பு, வெயிலில் சிவந்த கழுத்து, கையில் தொப்பி. தன் பாட்டியின் தாய்க்குத் தாயான அந்த இளம்பெண்ணின் முன்னால், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனைப்போல நின்றார். குன்ஹில்ட் அவருடைய காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்ர அப்பாவின்ர காது" என்றாள். அஸ்பியோன் மொழிபெயர்த்தார். லோவெல் கொண்டு வந்த படத்தில் எண்பது வயது இங்கர், ஏப்ரனில் கை துடைத்தபடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். குன்ஹில்ட் படத்தைத் தொடவில்லை, நனைந்துவிடும் என்று. யோகமலர் தூக்கிப் பிடிக்க, அவள் குனிந்து பார்த்தாள்.

"பெர்த்தா இவளை அடிச்சவளோ?"

"தெரியாது" என்றார் லோவெல். "பெரிய வாய்க்காரி என்றுதான் வீட்டில் சொல்வார்கள். இங்கர் தன் மூத்த மகளுக்கு பெர்த்தா என்று பெயர் வைத்தாள். இரண்டாவது மகளுக்கு குன்ஹில்ட் என்று வைத்தாள். அவள்தான் என்னுடைய பாட்டி. அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது."

குன்ஹில்ட் படத்தின் பக்கம் இன்னும் குனிந்தாள். "சொல்லியிருக்கிறாள்" என்றாள் பிறகு. "கஞ்சிச் சட்டிக்காரி சொல்லித்தான் வளத்திருக்கிறாள்."

அன்றைக்கே அவள் போவதென்று முடிவெடுத்துவிட்டாள். விமானத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பயணத்தில் இருப்பவளுக்கு யார் கொடுப்பது. தவிர இருக்கை நனைந்துவிடும். இங்கரின் கல்லறை சுப்பீரியர் ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது என்று லோவெல் சொன்னார். அஸ்பியோன் வரைபடத்தை விரித்து, அத்திலாந்திக்கிலிருந்து சென் லோரன்ஸ் ஆற்று வாய்க்குள் புகுந்து, ஏரிக்கு ஏரி தாண்டி, அந்த மேட்டின் அடிவரை தண்ணீருக்குள்ளாலேயே போகலாம் என்று விரலால் காட்டினார். குன்ஹில்ட் அதைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்தாள்; ஊர்ப் பிள்ளைகளும் கூடப் பாடினார்கள்.

போகிற காலையில் தொழிற்சாலையை மூடிவிட்டு ஊர் முழுக்க இறங்குதுறைக்கு வந்தது. பாதிரியார் தேவாலயப் பதிவில் அவள் பெயரை மறுபடியும் எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் மையைக் காய விட்டார். ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிப்பிடித்து நனைந்து போனார்கள். கடைசியாக யோகமலர் அவள் கையைப் பிடித்து, கூட்டத்திலிருந்து தள்ளிக் கூட்டிப் போனாள்.

"உனக்குத் தமிழில ஒரு வசனம் சொல்லித் தாறன், பிள்ளை. கீழ ஆராவது வழி கேட்டால், என்ன பாஷையெண்டு பாராமல் எல்லாருக்கும் இதைச் சொல்லு. 'நிலம் ஏறிற பக்கம் வா. கரை இருக்கு.'"

குன்ஹில்ட் சொல்லிப் பார்த்தாள். றகரம் உருளவில்லை, 'கரை' கல்லுப்போல விழுந்தது. யோகமலர் திருத்தினாள். திரும்பத் திரும்பச் சொல்லி, படியில் இறங்கும்போதும் சொல்லி, முழங்காலளவு, இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரிலும் சொல்லிக்கொண்டே போனாள் அவள். வாய் முங்கிய பிறகும் கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன.

அடுத்த வருடம், ஏரிகளில் பனிக்கட்டி உடைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. லோவெல்தான். அவள் வந்துவிட்டாள் என்று சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கியது. மேட்டில் இங்கரின் கல்லுக்கும் பெர்த்தாவின் கல்லுக்கும் நடுவில்தான் பகல் முழுக்க இருக்கிறாளாம். அங்கே புல் உப்புப்பட்டுக் கருகாமல், அதிசயமாய்ச் செழித்து நிற்கிறதாம். பிறகு குன்ஹில்ட்டின் குரல், தொலைபேசிக்குப் பழகாததால் கத்திக்கொண்டு வந்தது.

"அக்கா! அந்த வசனத்தை எல்லாருக்கும் சொன்னனான். விளங்காத ஆக்களுக்குக் கையாலை காட்டினன். ஒரு பொடியன் மட்டும் கேட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். தெரியாத ஆக்களுக்கு 'வா' எண்டு சொல்லக் கூடாதாம், 'வாங்கோ' எண்டு சொல்ல வேணுமாம். சைகை காட்டி, ரெண்டு மூண்டு தரம் சொல்லித் தந்தான்."

யோகமலர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். "என்ன வயசிருக்கும், பிள்ளை?"

"கடலுக்கடியில வயசு தெரியாது, அக்கா. மீசை அரும்பின முகம். இதை ஆர் சொல்லித் தந்தது எண்டு கேக்கிறான்போல கிடந்தது. நான் உங்கட பேரைச் சொன்னன்."

"என்னெண்டு?"

"அக்கா எண்டுதான். சிரிப்பை நிப்பாட்டிப்போட்டான். கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். பிறகு நிலம் ஏறிற பக்கமாத் திரும்பி நடந்தான்."

எந்தத் தேசத்தின் நிலம், எந்தக் கரை என்று குன்ஹில்ட்டுக்குச் சொல்லத் தெரியவில்லை. யோகமலரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் அவள் இதைச் சொன்னபோது, ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. கடலிலிருந்து யாராவது ஏறி வந்தால் அறிவிக்கும்படி அஸ்பியோன் கடலோரத்து ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் எழுதத் தொடங்கினார். குலசிங்கம் இறங்குதுறைப் படிக்கட்டில் பாசியைச் சுரண்டிவிட்டு வழுக்காதபடி மணல் போட்டார். பேக்கரிக்காரன், முறை வைத்து ஆட்கள் துறையில் நிற்பதென்றால் கோப்பி தான் தருவதாகச் சொன்னான். யோகமலர் பஸ் பிடித்துப் பட்டணத்துக்குப் போய், ஒரு சேர்ட்டும் காற்சட்டையும் தேடினாள். மெல்லிய உடம்பு, பத்தொன்பது வயது என்றாள். மகனுக்கா என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"இல்லை, தம்பிக்கு" என்றாள் யோகமலர்.